தொலைவானத்துக்குக் கூலி வைத்தவர்

மாரப்பன் கூலி வைத்தால் தையல் மிஷின் தானாக ஓடும் என்று திருப்பூரில் ஒரு பேச்சு உண்டு.

பனியன் கம்பெனியில் எல்லாம் பீஸ் ரேட்டுதான். காலர் தைக்க ஒரு கூலி, கை மடிக்க ஒரு கூலி, பட்டி வைக்க ஒரு கூலி. காலருக்குக் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டால் போதும், விடிந்ததும் டெய்லர்கள் காலர் பண்டலுக்கு முட்டி மோதுவார்கள். கை மடிப்புப் பண்டல் சீந்துவாரில்லாமல் மூலையில் கிடக்கும். மாரப்பன் ரேட்டு வைத்த கம்பெனியில் அந்தச் சண்டையே கிடையாது. எந்தப் பண்டலைத் தைத்தாலும் சாயங்காலம் கைக்கு வருவது ஒன்றுதான். அதனால் எது கிடைத்தாலும் ஆள் முகம் சுளிக்காமல் உட்காருவான்.

இப்படிப்பட்டவரை அவருடைய மச்சினன் சென்னியப்பன் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டுக்கொண்டார். சென்னியப்பன் பீளமேட்டில் ஒரு மாடியில் வீடியோ கேம் கம்பெனி நடத்துகிறவர். அங்கே உருவாகிக்கொண்டிருந்த விளையாட்டுக்கு ‘எட்டாவானம்’ என்று பெயர்.

“வானத்துல கப்பல் ஓட்டுற கேமுங்க மச்சான்,” என்றார் சென்னியப்பன். “உள்ள வர்றவங்க பாறை உடைக்கலாம், சரக்கு ஏத்தலாம், கொள்ளைக்காரனோட சண்டை போடலாம். இல்லீன்னா யாரும் போகாத தொலைவானத்துக்குப் போயி, புதுசு புதுசா கிரகத்தைக் கண்டுபிடிச்சுட்டு வரலாம். எதுக்கு எவ்வளவு காசு குடுக்கறதுன்னுதான் எங்க ஆளுகளுக்குப் பிடிபட மாட்டீங்குது. எல்லாரும் பாறை உடைக்கவே போறாங்க. தொலைவானத்துப் பக்கம் ஒரு ஆள் எட்டிப் பாக்கறதில்லை.”

“கூலிதானே மாப்ள,” என்றார் மாரப்பன். “வெச்சரலாம்.”

அந்த மாடியில்தான் அவருக்கு ஒரு குரு வாய்த்தாள்.

வஞ்சிக்கொடி மாரப்பனின் மூத்த மகளைவிடச் சின்னவள். அவள் செய்த விளையாட்டுகளை ஆடி முடித்தவர்கள், ஆட்டம் முடிந்த பிறகும் எழுந்து போக மனசில்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அவளிடம் சந்தேகம் கேட்க ஆட்கள் வருவார்கள். ஆனால் அவளிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. கேட்டவருக்கு ஒரு வேலை வரும்.

மாரப்பன் வந்த முதல் நாளே போய் நின்றார்.

“அம்மணி, எனக்கு இந்தத் தொழில் தெரியாது. மொதல்ல எதைக் கத்துக்கிடணும்?”

“ஒரு நிலா செய்யுங்கண்ணா.”

“நானா?”

“நீங்கதான். யாரும் ஆர்டர் குடுக்கலை. எப்படி வேணா செய்யுங்க.”

படம் போடுகிற பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாரப்பன் ஒரு நிலா செய்தார். வளையம் போட்ட ஒரு பெரிய கிரகம். அதன் கீழே வெள்ளை வெளேரென்று பனி மூடின நிலா. வளையத்தின் நிழல் அந்தப் பனித்தரையில் கோடு கோடாக விழும். நிலா திரும்பத் திரும்பக் கோடுகள் நகரும். தறியில் பாவு ஓடுகிற மாதிரி இருக்கும். பண்டல் கணக்கில் சேராமல் அவர் கையால் ஆன முதல் பொருள் அதுதான். வீட்டில் சொன்னால் சிரிப்பார்களென்று சொல்லவில்லை. காலையில் வந்ததும் காப்பி குடிக்குமுன்னே ஒரு தடவை அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

பிறகு கூலி வேலையில் இறங்கினார்.

நான்கு வேலையையும் அவரே செய்து பார்த்தார். பாறை உடைத்தார், சரக்கு ஏற்றினார். கொள்ளைக்காரனிடம் கப்பலைப் பறிகொடுத்துவிட்டு, “நல்லாச் சுடறான்,” என்று மெச்சிக்கொண்டார். எதில் எவ்வளவு நேரம் போகிறது, எதில் எவ்வளவு அலுப்பு என்று பார்த்துப் பார்த்து ரேட்டு வைத்தார். கடைசியில் எந்த வேலைக்குப் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரே வரும்படி. கம்பெனியே எழுந்து கை தட்டியது.

வஞ்சிக்கொடி மட்டும் கேட்டாள், “எல்லாம் சமமாயிருச்சுங்களா?”

“குண்டுமணி பிசகாது அம்மணி.”

“சரிங்கண்ணா,” என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் வெளியாட்கள் வந்து விளையாடிப் பார்ப்பது அந்தக் கம்பெனி வழக்கம். கடைக்காரர், வாத்தியார், டாக்டர் என்று பலரும் வருவார்கள். கூடத்தில் வரிசையாகப் போட்டிருக்கும் கணினிகளில் உட்கார்ந்து ஆடுவார்கள். போகும்போது எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மாரப்பன் வைத்த கூலிக்கு அன்றைக்கே பலன் தெரிந்தது. பாதிப் பேர் தொலைவானத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். சென்னியப்பன் மச்சானின் தோளைத் தட்டினார். மாரப்பன் சந்தோஷமாக ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று பார்த்தார்.

ஒருவருடைய கப்பல் மாரப்பன் செய்த நிலாவை நோக்கிப் போனது. மாரப்பன் இன்னும் கிட்டே நகர்ந்தார். கப்பல் நிலாவின் முன்னால் நின்றது. நிலாவைப் பதிவு செய்கிற ஸ்கேன் பொத்தானை அமுக்கினார் அந்த மனுஷர். திரையில் ஒரு வட்டம் நிரம்பியது. ‘டிங்’ என்று ஒரு சத்தம். அது அடங்குமுன்னே கப்பலின் மூக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது. வட்டம் நிரம்புகிற நேரத்தில் அவர் செல்போனில் மெசேஜ் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆளும் அப்படியே. அதற்கடுத்த ஆளும் அப்படியே. வட்டம், டிங், அடுத்தது. விளையாட்டுக்குள் கப்பல்கள் வந்து நிற்கிற நிலையத்துக்குத் திரும்பி வருவார்கள். பதிவு ஜன்னலில் ஸ்கேனைக் கொடுப்பார்கள். காசு விழும். மறுபடி போவார்கள்.

மாரப்பனுக்கு அந்த முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்களாக இருந்தன. மாலை ஷிஃப்டில் கை மடிக்கிற டெய்லரின் முகம்.

போகும்போது எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். தொலைவானம் போர் அடிக்குது.

சென்னியப்பன் ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. “அடுத்த சனிக்கிழமையும் இதையே சொன்னாங்கன்னா, தொலைவானத்தை வெட்டி எடுத்தர்லாங்க மச்சான். அத்தனை கிரகத்தையும் வெச்சுக் கட்டி அழறதுக்கு, கொள்ளைக்காரனையே இன்னும் நாலு பேர் சேத்து விட்டரலாம்.”

“வெட்டினா எல்லாம் போயிருமா?”

“எல்லாந்தான்.”

‘என் நிலாவுமா’ என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

மறுவாரம் முழுக்க மாரப்பன் கூலியோடு மல்லுக்கட்டினார். கம்பெனி ஆட்களையே உட்காரவைத்து ஆடச் சொன்னார். தொலைவானத்துக்குக் கூலியைத் தூக்கினார். ஆட்கள் முன்னைவிட வேகமாக ஸ்கேன் அடித்தார்கள். கூலியை இறக்கினார். எல்லாரும் பாறைக்குப் போய்விட்டார்கள். அபூர்வமான கிரகத்துக்கு எச்சாக் கூலி என்றார். அபூர்வம் எங்கே இருக்கிறதென்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அங்கே மட்டும் வரிசை கட்டினார்கள்.

கடைசியாக, நின்று பார்க்கிற நேரத்துக்கே கூலி என்று வைத்துப் பார்த்தார். எத்தனை நேரம் நிற்கிறார்களோ அத்தனை காசு. கூடத்தில் போய்ப் பார்த்தால் அவருடைய நிலாவின் முன்னால் கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. வயிறு குளிர்ந்துபோனது. கிட்டே போய்ப் பார்த்தார். நாற்காலிகளில் ஒரு ஆளில்லை. எல்லாரும் கப்பலை நிறுத்திவிட்டு கேண்டீனுக்குப் போண்டா தின்னப் போயிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் வஞ்சிக்கொடியிடம் போய் நின்றார்.

“அம்மணி, நேரடியாக் கேக்கறேன். எவ்வளவு குடுத்தா ஆளுக நின்னு பாப்பாங்க?”

அவள் தன் திரையை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “என்னென்ன வெச்சுப் பாத்தீங்க?”

எல்லாவற்றையும் சொன்னார். போண்டாவையும் சொன்னார். அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“பழைய கூலியையே திருப்பி வெச்சிருங்கண்ணா. அது சரியாத்தான் இருந்துச்சு.”

“சரியா இருந்தா ஏனுங்க இப்புடி ஆகுது?”

“நாளைக்குச் சனிக்கிழமை. பதிவு ஜன்னல்ல நீங்க உக்காருங்க.”

“அங்க மிஷின்தானே இருக்குது?”

“மிஷினை நிறுத்திடறேன். உங்களுக்கு ஒரு மைக்கும் ஒரு பொத்தானும் தர்றேன். வர்றவங்க ஸ்கேனைக் குடுப்பாங்க. பொத்தானை அமுக்கினா அவங்களுக்குக் காசு போயிரும். அமுக்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அங்க என்ன இருந்துச்சுன்னு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

மாரப்பனுக்கு இது வேலையாகவே படவில்லை. ஆனாலும் குரு வைத்த வேலை. சனிக்கிழமை சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, கூடத்துக்குப் பக்கத்து அறையில் மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கூடத்தில் ஆடுகிறவர்களில் யாருடைய கப்பல் நிலையத்தில் நின்றாலும் அவர் குரல் கேட்கும். அவர்கள் பேசுவதும் நிலையத்தில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்.

முதலில் வந்தவர் ஜெயசீலன். வங்கியில் வேலை. அவர் நீட்டின ஸ்கேனைப் பார்த்ததும் மாரப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய நிலா.

“வாங்க வாங்க. அங்க என்ன இருந்துச்சுங்க? நிலாவுல நிழல் பாத்தீங்களா?”

“நிழலா?” ஜெயசீலன் ஒரு நொடி யோசித்தார். “ஆமாங்க, பாத்தேன்.”

“கோடு கோடா?”

“கோடு கோடாத்தாங்க. பிரமாதமா இருந்துச்சு. காசு இன்னும் விழலீங்களே?”

மாரப்பன் பூரித்துப்போய்ப் பொத்தானை அமுக்கினார்.

அடுத்து ஒரு வாத்தியார் வந்தார். அவரும் நிழல் பார்த்திருந்தார். அதற்கடுத்து வந்த அம்மாள் பார்த்திருந்தார். பிறகு வந்த ஒருவர், வளையமே இல்லாத ஏதோ ஒரு கிரகத்தின் ஸ்கேனை நீட்டிவிட்டு, “நிழல் அருமைங்க,” என்றார்.

மாரப்பனுக்குச் சந்தேகம் தட்டியது. ஆடுகிறவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்கிற இடத்தைத் திறந்து பார்த்தார். ஜெயசீலன் எழுதியிருந்தார்: ‘ஜன்னல்ல ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. என்ன கேட்டாலும் நிழல், கோடு கோடுன்னு சொல்லுங்க. உடனே குடுத்துருவாரு. நல்ல மனுஷன்.’

பின்னால் நின்று படித்த சென்னியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மச்சான், இப்ப அவுங்க உங்களுக்கு ரேட்டு வெச்சுட்டாங்க.”

மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு மாரப்பன் வஞ்சிக்கொடியிடம் போனார்.

“பொய் சொல்றாங்க அம்மணி.”

“நீங்க என்ன கேட்டீங்க?”

“நிழல் பாத்தீங்களான்னு கேட்டேன்.”

“பதிலைக் கையில வெச்சுட்டுக் கேட்டா அது பரீட்சைங்கண்ணா. பரீட்சைன்னா பிட் அடிக்கத்தான் செய்வாங்க.”

“பொறவு எதைக் கேக்கறது?”

“உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்க.”

அவள் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். மாரப்பன் திரும்பி வந்து மைக்கை மாட்டிக்கொண்டார்.

அப்போது ஜன்னலுக்கு வந்தவர் டாக்டர் ஹபீபா. கரும்புக்கடைப் பகுதியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர். சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு விளையாட வந்துவிடுவார். தொலைவானத்தில் அவரளவுக்குச் சம்பாதித்தவர்கள் யாரும் இல்லை. கை அத்தனை வேகம்.

அவர் கொண்டுவந்திருந்த ஸ்கேன் ஏதோ ஒரு பாறை. யாரும் கை வைத்துச் செய்தது இல்லை. தொலைவானத்தில் விதை தூவுகிற மாதிரி கணினியே தூவிவிட்ட லட்சக்கணக்கான உலகங்களில் ஒன்று. அதற்குப் பெயர்கூட இல்லை. மாரப்பன் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

“அங்க என்ன இருந்துச்சுங்க?” என்று கேட்டார்.

“நிழல் இருந்துச்சுங்க. கோடு கோடா.”

“இது அந்த நிலா இல்லீங்க. இது வேற.”

“ஓ.” என்றார் டாக்டர். “பாறைங்க.”

“எப்புடியாப்பட்ட பாறைங்க?”

“சாம்பல் கலர்னு நினைக்கிறேன்.”

“அக்கம்பக்கத்துல ஏதாச்சும் இருந்துச்சுங்களா?”

நிலையத்தில் காத்திருந்தவர்களுக்கும் இந்தப் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“என்ன சொல்லணும்னு சொல்லிருங்க சார். சொல்லிடறேன்.”

“எனக்குத் தெரியாதுங்க. நான் அங்க போனதில்லை. இங்க யாருமே போனதில்லை. நீங்க ஒருத்தர்தான் போயிருக்கீங்க. அதனாலதான் கேட்டேன்.”



“நான் பாக்கலைங்க,” என்றார் டாக்டர் கடைசியில்.

“அதனால என்னங்க. போனீங்கல்ல. காசு போட்டுடறேன்.” மாரப்பன் விரல் பொத்தானுக்குப் போனது.

“வேண்டாங்க, இருங்க. வாயைத் திறந்து பாக்காமலே பல்லு நல்லாருக்குன்னு சொல்லி ஃபீஸ் வாங்கற மாதிரி இருக்குது. இது இங்கேயே இருக்கட்டும். ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன்.”

ஸ்கேனை ஜன்னலிலேயே விட்டுவிட்டு அவருடைய கப்பல் கிளம்பியது. பக்கத்தில் நல்ல கூலி உள்ள கிரகங்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றிலும் நிற்காமல் வந்த வழியே திரும்பிப் போனது.

சென்னியப்பன் திரையை எட்டிப் பார்த்தார். “எங்க போறாங்க? ஒருக்கா ஸ்கேன் பண்ணினதுக்கு மறுக்காக் காசு கிடையாதே.”

“தெரியும் மாப்ள. அவங்களுக்கும் தெரியும்.”

“பொறவு?”

“கம்முனு இருங்க. அடுத்த ஆளு நிக்கிறாங்க.”

மாரப்பன் வந்தவர்களையெல்லாம் அதே கேள்வி கேட்டார். ஒருவர், “ஒண்ணுமில்லைங்க,” என்றார். சரியென்று காசு போட்டார். இன்னொருவர், “அதெல்லாம் எதுக்குங்க, காசைப் போடுங்க,” என்றார். அவருக்கும் போட்டார். ஒரு அம்மாள் ஒரு பச்சைக் கடலைப் பற்றி அரைகுறையாக ஆரம்பித்துவிட்டு, “இருங்க, கடல்தானான்னு மறுபடி பாத்துட்டு வர்றேன்,” என்று போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து டாக்டரின் கப்பல் நிலையத்துக்குள் நுழைந்தது.

“சார், இருக்கீங்களா?”

“இருக்கறனுங்க. சொல்லுங்க.”

“அது ஒத்தைப் பாறை இல்லீங்க சார். ரெண்டு.”

“ரெண்டா?”

“ஒரே அளவு. ஒண்ணை ஒண்ணு சுத்திட்டிருக்குது. ரெண்டும் முகத்தை முகம் பாத்தாப்புலயே சுத்துது, முதுகைக் காட்டறதே இல்லை. நான் ஒண்ணுல போய் இறங்கினேன். தலைக்கு மேல அரை வானத்துக்கு இன்னொண்ணு நிக்குது. எத்தனை நேரம் நின்னாலும் அதே இடத்துலதான் நிக்குது. ஒரு இம்மி நகரலை.”

“விழுந்தராதுங்களா?” மாரப்பன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த பயம் எனக்கும் இருந்துச்சு. விழலை. அப்புறம் நான் என்ன பண்ணினேன்னா, தரையை ஒட்டியே பறந்து அந்தப் பாறைக்குப் பின்பக்கம் போனேன். போகப் போக மேல இருந்தது கீழ இறங்கிட்டே வருது. பின்பக்கம் போனதும் வானம் துடைச்சு விட்டாப்புல காலி. அப்படி இன்னொண்ணு இருக்கறதுக்கு அடையாளமே இல்லை.” டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “நான் முதல்ல ஸ்கேன் பண்ணினது அந்தப் பக்கத்தைத்தான். அதான் ஒத்தைப் பாறைன்னு நினைச்சிட்டேன்.”

மாரப்பனுக்கு அடுத்த கேள்வி தானாக வந்தது. “நடுவுல நின்னு பாத்தீங்களா? இந்தப் பக்கமும் இல்லாம அந்தப் பக்கமும் இல்லாம?”

“நின்னேனே. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். தரைக்கோட்டுல பாதி மூழ்கினாப்புல நிக்குது. பாதி மேல, பாதி கீழ. உதிக்கறதும் இல்லை, மறையறதும் இல்லை. வெளிச்சம் மட்டும் அது மேல மெதுவாப் படிஞ்சு மெதுவா விலகுது. நான் அங்க கப்பலை நிறுத்திட்டு, ஒரு ஃப்ளாஸ்க் டீயைக் குடிச்சு முடிச்சேன் சார்.”

“எந்தக் கலர்ல வெளிச்சம் விழுதுங்க?”

“மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. அறுத்த கொய்யாப்பழம் பாத்திருக்கீங்களா? உள்ள ஒரு கலர் இருக்குமில்ல?”

“செவப்புக் கொய்யாங்களா?”

“அதேதான்.”

நிலையத்தில் யாரும் நகரவில்லை. சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஏற்றுவதை நிறுத்தியிருந்தார்கள். சரக்குக் கப்பல் ஓட்டுகிற ஒருவர் குறுக்கே கேட்டார்.

“எந்தப் பக்கமா போகணுங்க டாக்டர்?”

“என் பின்னால வாங்க. நானே இன்னொரு தடவை போறேன்.”

சரக்குக் கப்பல்காரர் பாதிச் சரக்கை அப்படியே இறக்கிவிட்டுப் பின்னால் போனார். இன்னும் சில கப்பல்களும் மூக்கைத் திருப்பின. அந்தச் சந்தடியில் ஜெயசீலன் ஜன்னலுக்கு வந்தார். ஸ்கேன் எதுவும் கொண்டுவரவில்லை.

“சார், முதல்ல அந்த நிலாவைப் பத்திச் சொன்னீங்களே. நிஜமாவே அங்க நிழல் விழுதுங்களா?”

“நீங்கதானே பாத்தேன்னீங்க?”

“சும்மா சொன்னேன் சார். கோவிச்சுக்காதீங்க. இருக்குதா, இல்லையா?”

சொல்லிவிட மாரப்பனின் நாக்கு துடித்தது. வளையத்தையும், பனியையும், பாவு நூலையும் அப்படியே விரித்து வைத்திருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

“போயிட்டு வந்து நீங்கதானுங்க சொல்லணும்.”

ஜெயசீலன் கப்பல் கிளம்பியது. மாரப்பன் அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பும்போது யாரும் தொலைவானம் போர் என்று சொல்லவில்லை. சிலர் சொல்ல மறந்து, பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். கொய்யாப்பழக் கலரா, மாதுளைக் கலரா என்று படியில் ஒரு சண்டை நடந்தது.

சென்னியப்பன் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். “நல்லாத்தான் இருக்குதுங்க மச்சான். ஆனா கேமு வெளிய வந்தா ஊர்ப்பட்ட சனம் வரும். அத்தனை பேருகிட்டயும் நீங்க ஒருத்தரே உக்காந்து கேப்பீங்களா?”

“நான் எதுக்கு மாப்ள? டாக்டர்கிட்ட வழி கேட்டது நானா? பக்கத்துக் கப்பக்காரன். போனவனும் போகாதவனும் ஒரு இடத்துல நிக்கற மாதிரி நிலையத்தைக் கட்டிவிட்டாப் போதும். மிச்சத்தை அவங்களே கேட்டுக்குவாங்க.”

சென்னியப்பன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “சரி, தொலைவானம் இருக்கட்டும்,” என்றார். “கொள்ளைக்காரனைப் பொறவு பாத்துக்கலாம்.”

மாரப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. நேராக வஞ்சிக்கொடியின் அறைக்குப் போனார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“அம்மணி, பிடிபட்டுப்போச்சுங்க.”

“என்னங்கண்ணா பிடிபட்டுச்சு?”

“இத்தனை நாளும் போறதுக்குக் கூலி வெச்சேன், பாக்கறதுக்குக் கூலி வெச்சேன். சொல்றதுக்கு வெக்காம விட்டுட்டேன். சொல்றதுக்கு ஒரு ரேட்டு வெச்சரலாமுங்க. சும்மா சொன்னா ஒண்ணு, நல்லாச் சொன்னா ஒண்ணு. அப்புறம் பாருங்க, தொலைவானத்துல ஒரு கப்பல் நிக்க எடமிருக்காது.”

வஞ்சிக்கொடி பையை மேசைமேல் வைத்தாள்.

“டாக்டர் நல்லாச் சொன்னாங்களா?”

“அதை ஏங்க கேக்கறீங்க. கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்திட்டாங்க.”

“அவங்களுக்கு எவ்வளவு போட்டீங்க?”

“அவங்க பாறைக்கு உண்டான கூலியைத்தான்...”

மாரப்பன் பாதியில் நிறுத்தினார். பக்கத்து அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தார். டாக்டர் விட்டுவிட்டுப் போன ஸ்கேன் ஜன்னலில் அப்படியே இருந்தது. திரும்பி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போடலீங்க அம்மணி. கேட்டுட்டிருந்ததுல மறந்துட்டனுங்க.”

“டாக்டராச்சும் காசைக் கேட்டாங்களா?”

“இல்லீங்க. அவங்களும் மறந்துட்டாங்க,” என்றார் மாரப்பன். பிறகு, “சொல்றதுக்கு ரேட்டு வேண்டாமுங்க அம்மணி,” என்றார்.